சிங்கப்பூருக்கு வந்த ஜப்பானியப் படங்கள்



வரலாறு என்றாலே அரசர்கள், போர்கள், உடன்படிக்கைகள் என்றுதான் நம் பிள்ளைகள் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். தேர்வுக்கு அது போதும். ஆனால் ஒரு கட்டடத்திற்கும் வரலாறு உண்டு. சுவரில் தொங்கும் ஒரு படத்திற்கும் உண்டு. சில வேளைகளில் இவ்விரண்டும் ஓரிடத்தில் வந்து சேர்ந்துகொள்கின்றன. 2017ஆம் ஆண்டு ஜூன் 9ஆம் நாள் முதல் செப்டம்பர் 3ஆம் நாள் வரை சிங்கப்பூர்த் தேசியக் கலைக்கூடத்தில் அப்படி ஒரு சேர்க்கை நிகழ்ந்தது. யாயோய் குசாமா என்னும் ஜப்பானிய மூதாட்டியின் படைப்புகளுக்கென்றே அங்கே ஒரு தனிக் கண்காட்சி வைத்திருந்தார்கள். 1950களில் வரைந்தவை தொடங்கி அண்மையில் வரைந்தவை வரை 120க்கும் மேற்பட்ட படைப்புகள் இருந்தன. அப்போது அவருக்கு வயது 88.

நோன்புப் பெருநாள் விடுமுறையில் உறவினர் வீட்டுக்குச் சென்றிருந்த நாமும் நீண்ட வரிசையில் நின்று அதைப் பார்த்து வந்தோம். புக்கிட் மெர்தாஜாமுக்குத் திரும்பியதும், தோட்டத்து லயத்தில் நாலு பேர் கூடியிருந்தபோது அந்தப் பேச்சை எடுத்தோம். வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த ஒரு பாட்டி தலையை நிமிர்த்தாமலே கேட்டார்: "ஜப்பான்காரி போட்ட படத்தையா வாத்தியாரே காசு கொடுத்துப் பார்த்துட்டு வந்தீங்க?"

அதற்கு உடனே விடை சொல்ல நம்மால் முடியவில்லை. இன்றைய பேச்சு அந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததுதான்.

பாட்டியின் அடையாள அட்டையில் பிறந்த ஆண்டு 1930 என்று இருக்கிறது. ஜப்பானியப் படை கோத்தா பாருவில் கரையிறங்கியது 1941 டிசம்பர் 8ஆம் நாள். டிசம்பர் 19ஆம் நாள் பினாங்கு அவர்கள் கைக்குப் போயிற்று. 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூரும் வீழ்ந்தது. அப்போது பாட்டிக்குப் பதினோரு பன்னிரண்டு வயது. கித்தாப் பால் வாங்க ஆளில்லாமல் தோட்டங்களில் வேலை நின்றது. அரிசி போய் மரவள்ளிக்கிழங்கே சோறாயிற்று. சயாமில் ரயில் பாதை போடுகிறார்கள், மூன்று மாத வேலை, நல்ல கூலி என்று ஆள் சேர்த்தார்கள். பிறகு சேர்ப்பதையும் விட்டுவிட்டு, அகப்பட்டவர்களைப் பிடித்தே ஏற்றினார்கள். பாட்டியின் தகப்பனார் அப்படிப் போனவர். திரும்பவில்லை.

அந்தப் பாதை சயாமில் பான் போங் அருகிலிருந்து பர்மாவில் தான்பியுசயாட் வரை 415 கிலோமீட்டர் நீளம். 1942இல் தொடங்கிய வேலை 1943 அக்டோபரில் முடிந்துவிட்டது. காடும் மலையும் ஆறும் நிறைந்த அந்த வழியில் பெரும்பாலும் மண்வெட்டியும் கூடையும் கொண்டே இவ்வளவு விரைவில் முடித்தார்கள் என்றால், எத்தனை உயிர் போயிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். போர்க்கைதிகளாக இருந்த வெள்ளையர் படையினர் ஏறத்தாழ 60,000 பேர் அங்கு வேலை செய்தார்கள். 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். தமிழர், மலாய்க்காரர், சீனர், சாவகர், பர்மியர் என ஆசியத் தொழிலாளர்கள் 180,000 பேருக்கும் மேல் என்பது மதிப்பீடு. அவர்களில் சுமார் 90,000 பேர் வாந்திபேதியிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் மடிந்தனர் என்று கணக்கிடுகிறார்கள். ஒன்றை மதிப்பீடு என்றும் மற்றொன்றைக் கணக்கிடுகிறார்கள் என்றும் நாம் சொல்வதைக் கவனியுங்கள். காஞ்சனபுரியில் போர்க்கைதிகளின் மயானத்தில் ஏறத்தாழ 7,000 கல்லறைகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் பெயர் உண்டு, படைப்பிரிவு உண்டு, வயது உண்டு. நம்மவர்களுக்குப் பெயர்ப்பட்டியலே எழுதப்படவில்லை.

வடக்கே பாடாங் பெசார் செல்லும் ரயில் பாதை நம் புக்கிட் மெர்தாஜாமிலிருந்துதான் பிரிந்து போகிறது. தெற்கிலிருந்த தோட்டங்களில் ஏற்றப்பட்டவர்களும் இவ்வழியேதான் போனார்கள். இன்றைக்குப் பிள்ளைகள் அந்த நிலையத்தில் நின்று ஐஸ்கிரீம் சாப்பிடுகிறார்கள். அதில் தவறொன்றும் இல்லை.

இனி, அதே ஆண்டுகளில் ஜப்பானில் இருந்த ஒரு சிறுமியைப் பார்ப்போம்.

குசாமா 1929 மார்ச் 22ஆம் நாள், மலைகள் சூழ்ந்த மட்சுமோட்டோ என்னும் ஊரில் பிறந்தார். குடும்பத் தொழில் நாற்றங்காலும் விதை வாணிபமும். வசதியான வீடுதான். நாற்றங்கால் என்றால் என்னவென்று நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கித்தாக் கன்றோ செம்பனைக் கன்றோ பைபையாய் நிறுத்தி வைத்திருப்பதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். ஒரே இலை, ஒரே பூ, கண்ணுக்கு எட்டிய மட்டும். அப்படிப்பட்ட இடத்தில் வளர்ந்த அந்தக் குழந்தைக்குப் பத்து வயதளவில் ஒரு விசித்திர அனுபவம் ஏற்பட்டது. மேசை விரிப்பில் இருந்த சிவப்புப் பூக்களைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால், கூரையிலும் சுவரிலும் தன் உடம்பிலும் அதே பூக்கள் படர்ந்திருப்பதாகத் தெரிந்ததாம். பூக்கள் தன்னோடு பேசியதாகவும் அவர் சொல்லியிருக்கிறார். அச்சத்திலிருந்து தப்ப, கண்டதையெல்லாம் வரையத் தொடங்கினார். தாயாருக்கு இது பிடிக்கவில்லை. வரைந்த தாள்களைப் பறித்துக்கொள்வாராம். 1939இல் அவர் பென்சிலால் வரைந்த ஒரு படம் இன்னும் இருக்கிறது. கிமோனோ அணிந்த ஒரு பெண். முகம், உடை, சுற்றிலும் எங்கும் புள்ளிகள்.

பிறகு போர் வந்தது. பள்ளியில் படித்துக்கொண்டிருந்த வயதிலேயே அவரை ஆலை வேலைக்கு அனுப்பினார்கள். படைவீரர்களுக்கான பாராசூட் துணி தைக்கும் வேலை. எந்தப் படை மலாயாவின் தோட்டங்களில் ஆள் பிடித்ததோ அதே படைக்குத்தான் அந்தத் துணியும் போயிற்று. பாட்டி மரவள்ளிக்கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்த காலத்தில் அவரைவிட ஒரு வயது மூத்த இந்தப் பெண் அங்கே ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருந்தார். இருவரையும் யாரும் விருப்பம் கேட்கவில்லை. இதைச் சொல்லிப் பாட்டியின் கேள்வியைத் தள்ளிவிடலாம் என்று நாம் நினைக்கவில்லை. ஆண்டுகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்ப்பது வரலாறு படிப்பவர் செய்ய வேண்டிய முதல் வேலை, அதனால் சொன்னோம்.

போர் முடிந்தபின் கியோட்டோவில் ஒரு கலைப் பள்ளியில் மரபு ஓவியம் பயின்றார். அங்குள்ள கண்டிப்பு அவருக்கு ஒத்துவரவில்லை. ஊருக்குத் திரும்பி வந்தவர், நல்ல துணி கிடைக்காத அந்த நாளில், வீட்டில் கிடந்த விதைச் சாக்குகளை விரித்து அவற்றின்மேல் படம் எழுதினார். 1950இல் அப்படிச் சாக்கில் எழுதிய ஒரு படத்திற்குப் 'பிணக் குவியல்' என்னும் பொருள்படும் பெயரிட்டார். பிணம் என்று அடையாளம் காட்ட அதில் ஓர் உருவமும் கிடையாது. சிவப்பும் கறுப்புமாகச் சுருண்டு சுருண்டு உள்ளே இழுக்கும் மடிப்புகள்தாம் உண்டு. நாடு தோற்று, ஹிரோஷிமாவும் நாகசாகியும் எரிந்து ஐந்து ஆண்டுகளே ஆகியிருந்தன. 1952இல் மட்சுமோட்டோவின் சமூக மண்டபத்தில் தம் முதல் தனிக் கண்காட்சியை வைத்தார்.

பின்னர் அமெரிக்கா போக வேண்டும் என்ற ஆசை பிறந்தது. ஜார்ஜியா ஓகீஃப் என்ற அமெரிக்கப் பெண் ஓவியரின் படத்தை ஒரு புத்தகத்தில் பார்த்துவிட்டு, அவருடைய முகவரியைத் தேடிப் பிடித்து, 1955இல் முன்பின் அறியாத அவருக்குக் கடிதம் எழுதினார். பெரிய ஓவியரிடமிருந்து பதிலும் வந்தது! 1957 இறுதியில் புறப்பட்டார். வெளிநாட்டுக்குப் பணம் கொண்டுபோகக் கட்டுப்பாடு இருந்த காலம். டாலர் தாள்களை உடைக்குள் வைத்துத் தைத்துக்கொண்டு போனாராம். அந்நாளில் நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறிய நம் பாட்டன்மாரும் முந்தானையிலும் இடுப்புத் துணியிலும் முடிந்து கொண்டுவந்த கதைகள் நம் வீடுகளிலும் உண்டல்லவா?

1959 அக்டோபரில் நியூயார்க்கில் ஒரு சிறிய கலைக்கூடத்தில் ஐந்து பெரிய வெள்ளைப் படங்களை மாட்டினார். 'எல்லையில்லா வலைகள்' என்று இன்று உலகம் அறிந்த வரிசையின் தொடக்கம் அதுதான். அந்த வரிசையைச் சேர்ந்தவற்றைத்தான் சிங்கப்பூரில் நாம் முதலில் பார்த்தோம். தூரத்தில் நின்று பார்த்தால் வெறும் வெள்ளைத் துணி. நமக்குப் பக்கத்தில் நின்ற ஓர் இளைஞர், இதில் என்ன இருக்கிறது என்று முணுமுணுத்துவிட்டு நகர்ந்துவிட்டார். அவர் கேட்டதில் தவறில்லை. மரம், மாடு, முகம் எதுவும் இல்லாத அருவ ஓவியத்தின் முன் முதலில் நிற்கும் எவருக்கும் தோன்றுவதுதான்.

அருகே சென்று பார்த்தால் தெரியும். கறுத்த அடித்தளத்தின்மேல் வெள்ளை வண்ணத்தைத் தூரிகை நுனியால் பிறை பிறையாக, நகக்கண் அளவில் வளைத்து வளைத்து வைத்திருக்கிறார். ஒரு வளைவு அடுத்த வளைவைத் தொடுகிறது. தொடாத இடத்தில் அடித்தளம் ஒரு சிறு புள்ளியாக எட்டிப் பார்க்கிறது. இப்படியே ஆயிரக்கணக்கில், துணியின் ஓரம் வரை. நடு என்று ஓரிடம் கிடையாது. 1961இல் காட்சிக்கு வைத்த ஒரு வலை 33 அடி நீளம்.

நம் பெண்கள் மார்கழியில் போடும் புள்ளிக்கோலத்தை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். கோலத்தில் முதலில் புள்ளி. பிறகு அதைச் சுற்றிக் கோடு. குசாமாவின் வலையில் முதலில் கோடு. கோடு போகாமல் விட்ட இடமே புள்ளி. கோலத்தைப் பார்த்து இது எதன் படம் என்று நாம் கேட்பதில்லை. நெளிவு சரியாக வந்திருக்கிறதா, சிக்கு விழாமல் முடிந்திருக்கிறதா என்றுதான் பார்க்கிறோம். அந்தக் கண்ணோடு போனால் போதும், அருவ ஓவியம் அந்நியமாகத் தோன்றாது. படித்தவர்களுக்குத்தான் இது விளங்கும் என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். நமக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஒரு நிரையில் 400, 500 மரங்களுக்கு நாள் தவறாமல் ஒரே சரிவில், பட்டை மெல்லிசாகப் போகும்படி உளி பிடித்தவர்களுக்கு, ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதில் கை என்ன படும், மனம் எங்கெங்கே போகும் என்பதை வேறு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை.

நியூயார்க்கில் அவர் வாழ்வு எளிதாக இருக்கவில்லை. குளிருக்கும் பசிக்கும் நடுவே நாட்கணக்கில் நிறுத்தாமல் வரைந்து மயங்கி விழுந்ததை அவரே எழுதியிருக்கிறார். அறுபதுகளில் வியட்நாம் போரை எதிர்த்துத் தெருவில் நிகழ்ச்சிகள் நடத்தினார். அவற்றில் சில ஜப்பானில் அவருடைய குடும்பத்தாரையே தலைகுனிய வைத்தன. அந்தக் கதைக்குள் நாம் இப்போது போகவில்லை. 1966இல் வெனிஸ் நகரின் புகழ்பெற்ற கலைவிழாவில் அழைப்பு இல்லாமலே 1,500 கண்ணாடிப் பந்துகளைப் புல்தரையில் பரப்பி வைத்து, ஒவ்வொன்றாக விற்கத் தொடங்கினார். கலைப் பொருளைச் சந்தைச் சரக்குபோல் விற்கக் கூடாதென்று விழா நடத்தியவர்கள் தடுத்துவிட்டார்கள். 1993இல் அதே வெனிஸில் ஜப்பான் நாட்டின் சார்பாளராக, அரசின் அழைப்போடு போய் நின்றவரும் அவரே. 2014இல் நியூயார்க் ஏலத்தில் 1960ஆம் ஆண்டின் வெள்ளை வலை ஒன்று எழுபது லட்சம் டாலருக்கு மேல் விலைபோயிற்று. சந்தைச் சரக்கு என்று கடிந்துகொண்டவர்கள் அதற்கு என்ன சொன்னார்களோ!

1973இல் உடல்நலம் குன்றி ஜப்பான் திரும்பினார். 1977 முதல் டோக்கியோவில் ஒரு மனநல மருத்துவமனையில் தம் விருப்பத்தின் பேரிலேயே தங்கினார். காலையில் அருகிலுள்ள ஓவியக்கூடத்துக்குப் போய் வேலை செய்வார். மாலையில் மருத்துவமனைக்குத் திரும்பிவிடுவார். பல பத்தாண்டுகள் இப்படியே. இந்த இடத்தில் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. நம் லயங்களில் ஒருவருக்கு மனம் பாதிக்கப்பட்டால் முதலில் மந்திரிக்கிறோம். பிறகு பின்கட்டில் மறைத்து வைக்கிறோம். பெண் பார்க்க வருபவர்களிடம் அப்படி ஒருவர் இருப்பதையே சொல்வதில்லை. இந்த அம்மையார் தம் நோயை உலகறியச் சொல்லிவிட்டு, மருந்தையும் உண்டுகொண்டு, எண்பது வயதுக்குமேல் முன்னைவிட அதிகமாக வரைந்தார்.

சிங்கப்பூரில் கூட்டம் மொய்த்தது வலைகளை அல்ல. கண்ணாடி அறைகளையும் பரங்கிக்காய்களையும்தான். மஞ்சள் பரங்கிக்காயில் கறுப்புப் புள்ளிகள் வரிசை பிடித்து ஓடும். சிறுவயதில் பாட்டனாரோடு விதைத் தோட்டத்துக்குப் போனபோது முதன்முதலில் கண்ட காய் அது என்பார் குசாமா. நவோஷிமா என்ற தீவில் கடலை நோக்கி 1994இல் அவர் வைத்த பெரிய பரங்கிக்காயை 2021 ஆகஸ்டில் புயல் தூக்கிக் கடலில் எறிந்தது. 2022 அக்டோபரில் புதிதாக ஒன்றைச் செய்து அதே இடத்தில் வைத்தார்கள். கண்ணாடி அறையில் நம்மை அரை நிமிடத்திற்குமேல் விடவில்லை. நாலாபுறமும் விளக்குகள், அவற்றின் நிழல்கள், நிழல்களின் நிழல்கள். அழகுதான். ஆனாலும் நம்மைக் கேட்டால் அந்த வெள்ளை வலைகளுக்கு முன் எதுவும் நிற்காது.

இனி அந்தக் கட்டடத்தின் கதை. தேசியக் கலைக்கூடம் 2015இல் திறக்கப்பட்டது. அதற்கென்று புதிய கட்டடம் எழுப்பவில்லை. பழைய உச்ச நீதிமன்றத்தையும் பழைய நகர மண்டபத்தையும் இணைத்து அமைத்தார்கள். நகர மண்டபம் கட்டி முடிந்த ஆண்டு 1929. குசாமா பிறந்த அதே ஆண்டு! 1943 ஜூலை 5ஆம் நாள் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் இந்திய தேசிய ராணுவத்தின் அணிவகுப்பை ஏற்று, டில்லிக்குப் புறப்படுங்கள் என்று முழங்கியது அந்த மண்டபத்தின் முன்னாலுள்ள பாடாங் திடலில்தான். மறுநாள் ஜப்பானியப் பிரதமர் தோஜோ அங்கே வந்து பார்வையிட்டார். தோட்டங்களிலிருந்து எத்தனையோ இளைஞர்கள் அந்தப் படையில் சேர்ந்தார்கள். கேப்டன் லட்சுமியின் தலைமையில் ஜான்சி ராணிப் படையில் நம் பெண்பிள்ளைகள் துப்பாக்கி ஏந்தினார்கள். சயாம் காட்டில் தந்தை சாக, அதே ஜப்பானியரோடு தோள் சேர்ந்து மகள் விடுதலைக்குப் பயிற்சி எடுத்த குடும்பங்களும் இருந்திருக்கக்கூடும் என்பதை எண்ணும்போது, அந்நாளைய மனிதர்களை எளிதாகத் தரம் பிரித்துவிட முடியாது என்பது புலப்படும்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1945 செப்டம்பர் 12ஆம் நாள், அதே மண்டபத்தின் உள்ளறையில் மவுண்ட்பேட்டன் பிரபுவின் முன் ஜப்பானியத் தளபதி இதாகாகி தென்கிழக்காசியாவிலிருந்த ஜப்பானியப் படைகள் அனைத்தின் சார்பிலும் சரணாகதிப் பத்திரத்தில் ஒப்பமிட்டார். சயாம் பாதையை அமைத்த படைகளும் அதில் அடங்கும். பிறகு 72 ஆண்டுகள் சென்று, அன்று பாராசூட் தைத்த பெண்ணின் புள்ளிகளைப் பார்க்க அதே கட்டடத்தில் மக்கள் வரிசையில் நின்றார்கள். வரிசையில் நின்ற இளைஞர் பலருக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. பாட்டி அன்று கேட்டிராவிட்டால் நாமும் இவ்விரண்டையும் சேர்த்து எண்ணிப் பார்த்திருக்க மாட்டோம்.

சில வாரங்கள் கழித்து, கண்காட்சியில் வாங்கிய படப் புத்தகத்தைப் பாட்டியிடம் கொண்டுபோனோம். மனத்தை மாற்றுவதற்காக அல்ல. அவர் பார்க்காமலே பேசிவிட்டார் என்ற குறை நமக்கு இருந்தது. பரங்கிக்காயைப் பார்த்துச் சிரித்தார். வெள்ளை வலை இருந்த பக்கத்தைக் கண்ணுக்கு அருகே வைத்து, விரலால் தடவித் தடவிப் பார்த்தார். "எங்கே ஆரம்பிச்சா?" என்றார். தெரியவில்லை பாட்டி, ஆரம்பம் தெரியாத மாதிரிதான் போடுவாராம் என்றோம். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது, "கை வலிச்சிருக்கும்" என்று மட்டும் சொன்னார். ஜப்பான்காரி என்று சொல்வதை அவர் விடவில்லை. விட வேண்டும் என்று நாமும் கேட்கவில்லை.

சிங்கப்பூர் செல்லும் நேயர்கள் பாடாங் திடலில் நின்று கலைக்கூடத்தைப் பாருங்கள். பச்சைக் கவிகைமாடம் உள்ள பகுதி பழைய நீதிமன்றம். உயர்ந்த தூண்கள் வரிசையாக நிற்க, முன்னால் அகன்ற படிக்கட்டு உள்ள பகுதி நகர மண்டபம். ஒப்பமிட்ட அறை அந்தப் பக்கம்தான் இருக்கிறது. பிள்ளைகளை அழைத்துச் செல்பவர்கள், முதலில் அந்த அறையைக் காட்டிவிட்டுப் பிறகு ஓவியங்களுக்குப் போங்கள்.